துட்டி கேட்கப் போகாத ஐந்து பேர்

அன்பு மகள் ரோஷினிக்கு, பந்தல்குடியிலிருந்து அப்பா ராஜகுரு ஆசீர்வதித்து எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம். கோயம்புத்தூர் ஹாஸ்டலில் நீ சுகமாக இல்லை என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

ஒரு மாதமாகப் போனை எடுக்காமல், "இதைப் படிங்கப்பா, அப்புறம் பேசுறேன்" என்று சீட்டு வைத்து நீ கூரியரில் அனுப்பிய நாவலை முடித்துவிட்டேன். மலைமேல் ஒரு பழைய காலேஜ், கறுப்புக் கோட்டுப் போட்ட ஐந்து பிள்ளைகள், வாயைத் திறந்தால் சாவுப் பேச்சு. லைட்டு இருக்கும்போது எதற்கு மெழுகுவத்தி? ஐந்தில் ஒருத்தரையும் சகிக்கவில்லை, ஆனால் கீழே வைக்கவும் முடியவில்லை, கடையில் தவிடு கேட்டவருக்குக் கோழித்தீவனத்தைக் கட்டிக் கொடுத்து, அவர் திரும்பி வந்து ஏசினபோதும் "இருய்யா, இந்தப் பக்கத்த முடிச்சுக்கிறேன்" என்றேன். ஐந்தும் சேர்ந்து இன்னொரு கூட்டாளியைக் கொன்று மறைத்த இடத்தில் நான் போட்ட சத்தத்தில், கடை வாசலில் நின்ற லாரி டிரைவர் டீ கிளாசைக் கீழே போட்டுவிட்டார். "ஏங்க, கிறுக்குப் புடிச்சிருச்சா? கதைதான!" என்று உன் அம்மா ஓடி வந்தாள். கொலையைக்கூட விடு, செத்தவன் வீட்டுக்கு ஒருத்தராவது துட்டி கேட்கப் போனாகளா? பெத்தவ வாசலப் பாத்துக்கிட்டே இருப்பாளேன்னு தோண வேண்டாமா?

அப்படித் திட்டிக்கொண்டே கடைசித் தாளுக்கு வந்தால், பென்சிலில் உன் கையெழுத்து. உன் ரூம் பிள்ளை மாரீஸ்வரி நாலு நாள் காய்ச்சலில் கிடந்ததும், "பரீட்சை முடியட்டும், வீட்டுக்குச் சொல்லாதடி" என்று அவள் கெஞ்சினதும், நீ சொல்லாமல் இருந்ததும், அவள் போய்ச் சேர்ந்ததும். "அவுக அம்மா மொகத்துல எப்படிப்பா முழிப்பேன்?" கல்லாவில் உட்கார்ந்தபடி அழுதுட்டேன், பாப்பா. புத்தகம் நல்லதா கெட்டதா, எனக்குச் சொல்லத் தெரியலை. அதிலே கூட்டாளி செத்தும் அழாம உக்காந்திருக்கிற பிள்ளைய இப்ப நினைச்சா உன் மொகம்தான் வருது.

போ. திருச்சுழிக்கு பஸ்ஸேறி மாரீஸ்வரியப் பெத்த முத்துத்தாய் அம்மா முன்னால உக்காரு. ஏசினா வாங்கிக்க. பொய் மட்டும் சொல்லாதே. துட்டி வீட்டில் பொய் சொன்னவுக நம்ம வகையறாவில் கிடையாது.

நேரத்துக்குச் சாப்பிடு. குலசாமி உன்னைக் கைவிடாது.

இப்படிக்கு,
அப்பா

பின்குறிப்பு: இதை ஒட்டி வைத்துவிட்டு, மனசு கேட்காமல் இன்று நானே துட்டிக்குப் போய் வந்தேன்; கவரைப் பிரித்து இதையும் எழுதுகிறேன். "கூட இருந்த பிள்ள ஏன் அண்ணாச்சி வரல?"ன்னு முத்துத்தாய் அம்மா கேட்டாக. உனக்குக் காய்ச்சல்னு சொல்லிட்டேன். அந்தம்மா பதறி எந்திரிச்சு, "காய்ச்சலா? எத்தனை நாளா? தனியாவா விட்டிருக்கீக?"ன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டாக. வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸுக்கு உன்னைப் பாக்க வாராக. ரூம் நம்பர் கேக்கலை. அவுகளுக்குத் தெரியுமே.