துக்க வீட்டில் புறா வைத்தியம்

கூச்ச சுபாவக்காரர்களுக்கு இணைய மன்றம் ஒரு வரம் என்கிறார்கள். முகம் காட்டாமல் பேசலாமாம். முகம் காட்டாமலும் மானத்தை வாங்கிக்கொள்ளலாம் என்று யாரும் சொல்வதில்லை.

கொரட்டூரில் எங்கள் மொட்டை மாடியில் புறா வளர்க்கிறேன். ஒருநாள் பெண்புறா ஒன்றுக்குக் கழுத்து திருகிக்கொண்டது. தீனியைக் கொத்தினால் அலகு வேறு பக்கம் போனது. இப்படியே விட்டால் பட்டினியில் செத்துவிடும். நேரில் யாரையும் கேட்கக் கூச்சம். (பஸ்ஸில் டிக்கெட் கேட்கவே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.) செல்போனில் புறா வளர்ப்போர் மன்றம் ஒன்றில் சேர்ந்தேன்.

திறந்ததும் ஒரு பெரியவர் படம். மன்றத் தலைவர் போலிருக்கிறது என்று கும்பிட்டுக்கொண்டேன். கீழே நீளமாக எழுதியிருந்தது. ஐந்தாவதோடு நின்றவன் நான். நீளமாக இருந்தால் தாண்டிப் போய்விடுவேன். அதற்கும் கீழே வெள்ளையாக ஒரு கட்டம். கேள்வி கேட்கும் இடம் இதுதானே? ‘என் புறாவுக்குக் கழுத்து திருகிக்கிச்சு. மருந்து சொல்லுங்க’ என்று எழுதி அனுப்பினேன். எழுதியது மறைந்துபோனது. போகவில்லை போல என்று மறுபடி அனுப்பினேன். மறுபடியும், மறுபடியும்.

மனைவி ஸ்டெல்லா எட்டிப் பார்த்தாள்.

“யோவ், இன்னாய்யா பண்ணிகினு கீற? அது சாவு சேதிய்யா! யாரோ சேகராம், அவரு அப்பா பூட்டாராம். எல்லாரும் ‘ஆழ்ந்த இரங்கல்’னு போட்டுக்கீறாங்க, நடுவுல உன் புறா வரிசையா பறக்குது!”

அதற்குள் ஒருவர் எழுதியிருந்தார்: “சாவு ஊட்ல வந்து மருந்து கேக்குறியே மாமே, நீயெல்லாம் மனுசனா?”

அழிக்க வழி தேடினேன். விரல் எதிலோ பட்டு, இறப்புச் செய்தியின் மேல் சிவப்பு இதயம் ஒன்று துடித்தது.

உண்மையான துக்க வீடு என்றால் தெருமுனையிலேயே தெரிந்துவிடும். பந்தல் இருக்கும், பிளாஸ்டிக் நாற்காலிகள் இருக்கும், புதிதாக வருபவனின் குரல் தானாகத் தாழும். இங்கே சாவுக்கும் சந்தேகத்துக்கும் ஒரே வெள்ளைக் கட்டம். புதுக் கேள்விக்கான இடம் மூலையில் இருந்த சின்னக் கூட்டல் குறியாம். பழகியவர்களுக்கு அது பளிச்சென்று தெரிகிறது. அதனால்தான் புதியவனுக்குத் தெரியாது என்பது அவர்களுக்குத் தோன்றவில்லை.

சாயங்காலம் அந்தச் சேகரே வேப்பம்பட்டிலிருந்து பதில் போட்டார்.

“அண்ணாத்தே, தனிக் கூண்டுல வை. பட்டாணிய ஊற வச்சி கையால ஊட்டு. எங்க நைனா இப்டிதான் எத்தினியோ புறாவ தேத்துனாரு. யாரும் இந்த அண்ணாத்தய திட்டாதீங்கப்பா.”

ஊட்டினேன். மெல்லத் தேறி, ஒருநாள் தானாகவே கொத்தித் தின்றது. நன்றியை எங்கே எழுதுவது என்று தெரியாமல், சேகர் வீட்டுக்கு ரயிலேறி நேரிலேயே போய்ச் சொன்னேன்.

இன்றும் துக்கம் விசாரிக்கக் கிளம்பினால் ஸ்டெல்லா வாசலில் மறித்துக்கொள்கிறாள்.

“புறா சந்தேகம் எதுனா இருந்தா இங்கியே கேட்டுட்டுப் போய்யா.”