கிழங்குக் குழம்புல முள்ளு

உருளைக்கிழங்கக் காணோம்!

நாலு முள்ளு குத்துன கிழங்கு அங்கனயே இருக்கு. அதுல இடம் பத்தாம அஞ்சாவது முள்ள இன்னொரு கிழங்குல குத்துனேன்ல, அந்தக் கிழங்கு போச்சு. அடுப்புல கிழங்குக் குழம்பு கொதிக்குது. ஹால்ல மாமனார் கையக் கழுவிட்டு எலைக்கு முன்னாடி உக்காந்துட்டாக.

முள்ளுன்னா பேனா முள்ளுங்க. கட்டையில மாட்டி, மையத் தொட்டுத் தொட்டுப் படம் வரையிறது. புது முள்ளு துருப்பிடிக்காம இருக்க எண்ணெய் தடவித்தான் அனுப்புவாக. அப்படியே மையத் தொட்டா நிக்காது, பேப்பர்ல பொட்டுன்னு விழும். அதுக்கு ஒரு சூப்பர் வைத்தியம் இருக்கு. பச்ச உருளைக்கிழங்குல குத்தி வச்சா எண்ணெய் போயிரும். பத்தே நிமிஷம்! ரொம்ப நேரம் விட்டா முள்ளே துருப்பிடிச்சிரும். அதனால அலாரம் வச்சேன். காவல் வைக்கல.

பெனிஷாட்ட சொல்லிரலாம்லன்னு கேப்பீக. என் பொண்டாட்டியத் தெரியாது உங்களுக்கு. போன மாசம் தோசை மாவுல ஒரு சொட்டு மை விழுந்துச்சு. ஒரே சொட்டு! "இனிமே இந்தச் சாமான் சமையக்கட்டுக்குள்ள வந்துச்சு, பாட்டிலு, கட்டை, முள்ளு மொத்தத்தையும் பெரியாத்துல விட்ருவேன்"னா. ஆத்துல இப்பத் தண்ணி வேற நல்லாப் போகுது.

இருங்க, இத என் ஜெராக்ஸ் கடையில உக்காந்துதான் எழுதுறேன், ஒருத்தர் ஆதார் காப்பி கேட்டு வந்திருக்காரு.

வந்துட்டேன். எங்க விட்டேன்? ஆங், குழம்பு. பிளான் என்னன்னா, நானே பரிமாறுறது. ஒவ்வொரு கிழங்கையும் நசுக்கிப் பாத்துத்தான் எலையில விடுறது. கல்யாணமாகி ரெண்டு வருசத்துல நான் கரண்டியத் தொட்டதே இல்ல.

"பெனிஷா, நீ உக்காரு. நான் போடுறேன்."

"என்னங்க, காய்ச்சலா?"

"உங்கப்பாவுக்கு என் கையால போடணும்னு ஆச."

"ஆசையா? சரி. பாதியில விட்டுட்டு ஓடக் கூடாது, சொல்லிட்டேன்."

நசுக்குனேன். மசிச்சேன். மாமா எலையில விழுந்தது குழம்பு இல்ல, சிமெண்ட் கலவை.

"மாப்ள, எனக்குப் பல்லெல்லாம் இருக்கே?"

"மெதுவாச் சாப்பிடுங்க மாமா, முள்ளு இருக்கும்."

வாய் தவறிருச்சு!

"கிழங்குக் குழம்புல ஏது மாப்ள முள்ளு?"

"அது... மீன் திங்கிற பழக்கத்துல சொல்லிட்டேன் மாமா."

"ஏத்தா பெனிஷா! மீன வாங்கி ஒளிச்சு வச்சிருக்கியா?"

"அடுத்த தடவ வாங்குவோம்ப்பா. முள்ளு எடுத்துக் குடுக்கத்தான் உங்க மாப்ள இருக்காகல்ல."

குண்டான் காலி. முள்ளக் காணோம். பாத்திரத்துல ஒட்டியிருக்குமோ? குண்டானக் கழுவுனேன். குக்கரக் கழுவுனேன். கரண்டி, தட்டு, டம்ளரு, குழம்பையே பாக்காத இட்லிச் சட்டி வரைக்கும் கழுவுனேன். இல்ல!

அப்ப மாமா முழுங்கிட்டாகளோ? மாமாகிட்ட ஓடுனேன்.

"மாமா, தொண்டையில ஏதாச்சும் உறுத்துதா?"

"உறுத்துது மாப்ள. அழுகையா வருது. எம்மகளுக்கு இப்படி ஒரு தங்கமான புருசன்!"

அவ்வளவுதான். முள்ளு ஆத்துல போறது பெருசா, மாமனார் உசுரு பெருசா? பெனிஷாவச் சமையக்கட்டுக்கு இழுத்துட்டு வந்தேன்.

"உங்கப்பாவுக்கு உடனே ஸ்கேன் எடுக்கணும்."

அவ முந்தானை முடிச்ச அவுத்தா. உள்ள என் முள்ளு!

"இதத்தான தேடுனீக?"

"எங்கன இருந்துச்சு?"

"தோலு சீவும்போதே கத்தியில தட்டுப்பட்டுச்சு."

"அப்பவே சொல்லியிருக்கலாம்லடி?"

"சொல்லியிருந்தா பாத்திரத்த யாரு கழுவுறது?"

முள்ள வாங்கிப் பாத்தேன். கழுவி, ஈரம் இல்லாமத் துடைச்சு, பளபளன்னு இருந்துச்சு. நான்கூட அப்படித் துடைச்சதில்ல.

"அப்ப... பெரியாத்துல விடலியா?"

"எதுக்கு? வர்ற ஞாயித்துக்கிழம எங்க சித்தப்பா வீட்ல இருந்து எட்டுப் பேரு வர்றாக. ரெண்டு முள்ளாக் குத்தி வையுங்க."

மக்களே, உண்மையச் சொல்லுங்க. உங்க வீட்லயும் இப்படி நடந்திருக்கா, இல்ல நான் மட்டும்தானா?