கதவில் வேப்பிலை

செவிலியர் ஹெப்சிபாவின் ஸ்கூட்டர் கே.கே. நகரின் அந்தத் தெருமுனையில் திரும்பியபோது, அருள்பாண்டி நாற்காலி மேல் ஏறி நின்று தன் வீட்டு வாசல் நிலையில் வேப்பங்கொத்தைச் செருகிக்கொண்டிருந்தான்.

"என்னண்ணே, வீட்டுல அம்மையா?"

"ஆமா தங்கச்சி. பாப்பாவுக்குப் போட்டிருக்கு. உள்ள வரக் கூடாது."

ஹெப்சிபா உச்சுக்கொட்டினாள். "தட்டம்மை ஊசி போடத்தானே நானும் இந்த வீட்டுக்கு நடையா நடந்தேன். பக்கத்துத் தெருப் புள்ள ஒண்ணு அதே அம்மையில ஆஸ்பத்திரியில கெடக்கு. சரி, தண்ணி ஊத்துன பெறகு வாரேன்."

வண்டி போய்விட்டது. உள்ளே மூன்று வயது ஆர்த்திகா, உடம்பில் ஒரு கொப்புளம்கூட இல்லாமல், கட்டிலில் குதித்துக்கொண்டிருந்தாள்.

அருள்பாண்டி கெட்டவன் இல்லை. மகள் கைக்குழந்தையாக இருந்தபோது ஓர் ஊசிக்குப் பிறகு காய்ச்சல் வந்து அழுதாள். விடிகிறவரை அவளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தவன், இனி என் பிள்ளைக்கு ஊசியே கிடையாது என்று முடிவெடுத்துவிட்டான். பிறகு செல்போனில், ஆலமரத்தடியில் அமர்ந்த தாடிக்காரர் ஒருவர் உடம்புக்கு உடம்பே வைத்தியர் என்று சொல்லும் வீடியோ வந்தது. அன்றிலிருந்து அவனுக்குப் பயம் போய்க் கொள்கை வந்துவிட்டது.

"பொய்யச் சொல்லிப்புட்டீக. இனி என்ன செய்யப் போறீக?" என்றாள் மனைவி சரண்யாதேவி.

"ஒரு வாரம் வீட்டுக்குள்ள இருந்தா முடிஞ்சுச்சு."

முடியவில்லை. அம்மை கண்ட வீட்டில் தாளிக்கக் கூடாது என்று மாடிவீட்டு அம்மா மேலிருந்தே மோப்பம் பிடித்துக் காவல் காத்தார். ஞாயிற்றுக்கிழமைக்கு வாங்கிய ஆட்டுக்கறி ஃப்ரிட்ஜுக்குள் துறவு பூண்டது. ரசத்தில் கடுகுகூட வெடிக்கவில்லை. அவன் வேலை பார்க்கும் பைக் ஷோரூமின் மேலாளர், "மாப்ள, நீ இந்தப் பக்கமே வராத" என்று போனை வைத்தார். அக்கம்பக்கத்தார் இளநீரைப் படியில் வைத்துவிட்டு ஓடினார்கள்.

ஆர்த்திகாவோ ஜன்னலில் தொற்றிக்கொண்டு ஊருக்கே டாட்டா காட்டினாள்.

"அம்மை போட்ட புள்ள மாதிரியா இருக்கு?" என்று யாரோ கேட்டுவிட, அருள்பாண்டி லிப்ஸ்டிக்கால் மகள் முகத்தில் புள்ளி வைத்தான். அது அவளுக்குப் பிடித்துப்போயிற்று. அவன் மதியம் கண்ணயர்ந்தபோது அவன் முகத்திலும் வைத்துவிட்டாள். அப்படியே எழுந்து பால் வாங்க வந்தவனைக் கண்ட பால்காரர், பாக்கெட்டைத் தரையில் வைத்துவிட்டு வண்டியை முறுக்கினார்.

விளையாட ஆளில்லாமல் பிள்ளை அழ ஆரம்பித்தது. எந்த வீட்டிலும் குழந்தையை அனுப்பவில்லை.

மறுநாள் காலையில், பின் தெருவில் இருக்கும் முத்துமீனா, காதுவரை குல்லா மாட்டிய தன் மகனோடு வாசலில் வந்து நின்றாள். ஜவுளிக்கடையில் வேலை அவளுக்கு.

"அண்ணே, சாயந்தரம் வரைக்கும் இவன உங்க வீட்டுல விட்டுட்டுப் போகவா? கடையில லீவு தர மாட்டேங்குறாக. இவனுக்கு..."

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம். ஊரே பயந்து ஓடுது, நீ ஒருத்திதான் வந்திருக்க. விட்டுட்டுப் போத்தா."

பையனும் ஆர்த்திகாவும் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள். ஒரே பீப்பியை மாற்றி மாற்றி ஊதினார்கள்.

மதியம் கடைக்குப் போய் வந்த சரண்யாதேவி பையைக் கீழே வைக்கவில்லை.

"அந்தப் பக்கத்துத் தெருப் புள்ளைக்கு மூச்சுக்குக் குழாய் வச்சிருக்காகளாம். நம்ம புள்ளைக்கு அப்படி ஆனா அந்தத் தாடிக்காரனா வந்து தூக்குவான்?"

இரண்டு பிள்ளைகளும் ஒரே பாயில் தூங்கிக்கொண்டிருந்தன. அருள்பாண்டி மகளின் சின்ன நெஞ்சு ஏறி இறங்குவதையே வெகுநேரம் பார்த்தான். பிறகு போனை எடுத்து ஹெப்சிபாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான்.

"ஒரு ஊசிக்குப் பயந்து இம்புட்டு நாடகமா அண்ணே? நாளைக்குக் காலையில மொத வேலையா வாரேன்."

சரண்யாதேவி சிரித்துக்கொண்டே கடுகைத் தாளித்தாள். மாடியிலிருந்து வந்த கூச்சலை யாரும் பொருட்படுத்தவில்லை.

சாயங்காலம் முத்துமீனா வந்தாள். அருள்பாண்டி பையனைத் தூக்கி அவள் இடுப்பில் வைத்தான்.

"கொஞ்சம்கூடப் பயப்படாம விட்டுட்டுப் போனியே தங்கச்சி. அதை மறக்க மாட்டேன்."

"இதுல பயமென்னண்ணே? காலையிலயே சொல்ல வந்தேன், நீங்கதான் பேச விடல. இவனுக்கு நேத்து காதுக்குப் பின்னால அம்மை போட்டிருச்சு, வேற எங்க விட்டாலும் அந்த வீட்டுப் புள்ளைக்கு ஒட்டிக்கும்ல, அதான் ஏற்கெனவே வந்த வீடாப் பாத்து விட்டேன்."