நன்றி சொன்ன கடை வழியாக நாலுவழிச் சாலை

டொக், டொக், டொக் என்று கேட்டது. காலைப் பனி விலகவில்லை, என்னவென்று தெரியவில்லை. மரங்கொத்தி மரத்தைக் கொத்துகிறது என்று நினைத்து எல்லாரும் கடை திறந்தார்கள். பனி விலகியதும் பார்த்தால் மரங்கொத்திதான். ஆனால் அது மரத்தைக் கொத்தவில்லை. கடைத்தெரு நெடுக மஞ்சள் முளைக்குச்சி அடித்துக்கொண்டு போனது.

இது நடந்தது ஒரு காட்டில். காடு என்று பேர்தான். பஸ் ஸ்டாண்டு, ஜவுளிக்கடை, இரண்டு ஜெராக்ஸ் கடை எல்லாம் முளைத்து அது சின்ன நகரமாகி ரொம்ப நாளாயிற்று. அதன் நடு வயிற்றைக் கீறிக்கொண்டு நாலுவழிச் சாலை வரப்போகிறது என்றார்கள். யார் எங்கே போக இவ்வளவு அவசரம் என்று யாரும் கேட்கவில்லை.

கடைத்தெருவில் பஞ்சர் கடை வைத்திருந்தது மாசிலாமணி என்ற முள்ளம்பன்றி. உடம்பெல்லாம் முள்ளை வைத்துக்கொண்டு பஞ்சர் கடை நடத்துகிறதே என்று ஊருக்கு ஒரு சந்தேகம் உண்டு. பாவம், அப்படியொரு யோசனை அதற்கு வந்ததே இல்லை. கடைக்குப் பின்னால் ஒரே அறை. அதில் மனைவி, நாலு குட்டிகள். கடை போனால் வீடும் போகும்.

எதிரில் பரோட்டாக் கடை வைத்திருந்தது வீரணன் என்ற காட்டுப்பன்றி. இனப் பேரில் பாதி 'பன்றி' என்பதால் இரண்டும் மாமா, மாப்பிள்ளை என்றே கூப்பிட்டுக்கொள்ளும். குச்சி வரிசை வீரணனின் அடுப்புக்குள் புகுந்து, மாசிலாமணியின் வாசற்படியை லேசாக உரசிக்கொண்டு போயிருந்தது.

கருத்துக் கேட்புக் கூட்டம் கல்யாண மண்டபத்தில் நடந்தது. பொறியாளர் ஏகாம்பரம் ஒரு கொக்கு. மணிக்கணக்காக ஒற்றைக் காலில் நின்று ஒன்றுமே செய்யாமல் இருக்கத் தெரிந்ததால் துறையில் அதற்கு நல்ல பேர். பேசுவதை எழுதிக்கொள்ள ஒரு ஆமை உட்கார்ந்திருந்தது. ஒருவர் பேசி முடிப்பதற்குள் முதல் வாக்கியத்தை எழுதி முடித்துவிடும். அதற்குமேல் அதை யாரும் எதிர்பார்த்ததும் இல்லை.

முதலில் வீரணன் மைக்கைப் பிடுங்கியது. வணக்கமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

"என் அடுப்பு மேல ரோடு வந்துச்சு, போட்டவனைக் குத்திக் குடலை எடுத்துருவேன்."

சொல்லிவிட்டு டீ வாங்கிக்கொண்டு வெளியே போனது. ஆமை சொல் விடாமல் எழுதியது.

அடுத்து மாசிலாமணி. கிளம்பும்போதே மனைவி சொல்லியிருந்தது: "எல்லாருக்கும் கும்பிடு போட்டுக்கிட்டே நிக்காதீங்க. கடையை எடுக்காதீங்கன்னு மொதல்ல சொல்லுங்க." ஆனால் மேடை ஏறினால் அவையடக்கம் வேண்டாமா? மாசிலாமணி பொறியாளர் அவர்களே என்றது, ஆமையார் அவர்களே என்றது, மைக் செட் போட்ட ஓணான் அவர்களையும் விடவில்லை. இப்படியொரு திட்டம் தந்தமைக்கு ஊர் சார்பில் நன்றி என்றது. பிறகுதான் தொண்டையைச் செருமிக்கொண்டு, கடை போனால் குட்டிகளோடு எங்கே போவேன் என்று உருக்கமாகக் கேட்டது. மண்டபத்தில் இரண்டு முயல்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டன. ஆமை அப்போது 'நன்றி'க்கு முற்றுப்புள்ளி வைத்துக்கொண்டிருந்தது.

பத்தாம் நாள் மரங்கொத்தி திரும்ப வந்தது. குச்சிகள் பரோட்டாக் கடையை மரியாதையாகச் சுற்றி வளைந்து, பஞ்சர் கடையின் நடுவே ஏறி, படுக்கையைத் தாண்டிப் போயின.

மாசிலாமணி அலுவலகத்துக்கு ஓடியது. கொக்கு பதிவேட்டைத் திருப்பிக் காட்டியது.

"எதிர்ப்பு இருக்கிற பக்கம் வளையணும். நன்றி இருக்கிற பக்கம் போகணும். நாங்க என்ன மனசாட்சி இல்லாதவங்களா?"

வேண்டுமானால் எழுத்தில் கொடுக்கலாம் என்றும் சொன்னது. மாசிலாமணி இரவல் பேனாவில் மனு எழுதியது. முதல் பக்கம் முழுக்க 'மதிப்பிற்கும் மாண்பிற்கும் உரிய' என்று ஓடியது. கடை இரண்டாம் பக்கத்தில்தான் வந்தது. ஆமை முதல் பக்கத்தைப் படித்து நெகிழ்ந்து, மனுவைப் பாராட்டுக் கடிதங்கள் கோப்பில் சேர்த்தது.

வெளியே வீரணன் நின்றிருந்தது. "மாமா, ஒரே ஒரு கெட்ட வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"எனக்கு வராது மாப்ள," என்றது மாசிலாமணி.

இடிக்க யானை வந்தது. வேலை அரை மணி நேரம்தான். முள்ளம்பன்றி மனைவி பாத்திரங்களை எடுத்துக்கொண்டு, குட்டிகளைக் கூட்டிக்கொண்டு தாய் வீட்டு வளைக்குப் போய்விட்டது. மாசிலாமணி மட்டும் புழுதிக்குள் நின்றது. யானை கல்லையும் தகரத்தையும் டிராக்டரில் ஏற்றிப் புறப்பட்டது. பத்தடி போவதற்குள் கூரை ஆணி ஒன்று ஏறி, பின் டயர் உஸ்ஸென்று இறங்கிவிட்டது.

யானை இறங்கி வந்து கேட்டது. "அண்ணே, பக்கத்துல பஞ்சர் கடை எங்க இருக்கு?"

"இப்ப நீங்க இடிச்சதுதான்."

யானை டயரைப் பார்த்தது, இடிந்த இடத்தைப் பார்த்தது. வேற கடை இல்லையா என்று மெதுவாகக் கேட்டது. இல்லை என்றது மாசிலாமணி. கேட்ட பிறகு சும்மா நிற்கவும் அதற்குத் தெரியவில்லை. செங்கல்லை விலக்கி, நசுங்கிய தொட்டியை வெளியே இழுத்து, தட்டி நிமிர்த்தி, தண்ணீர் ஊற்றியது. டியூபை உருவி நீருக்குள் அமுக்கிச் சுற்றியபடி, குமிழி எங்கே வருகிறது என்று குனிந்து பார்த்தது.

நீதி: கையில் மைக் கிடைத்தால் முதலில் திட்டிவிடுங்கள். நன்றியை ரோடு போட்ட பிறகும் சொல்லிக்கொள்ளலாம்.