பதினெட்டாம் பிளாக்கில் ஒரு கல்யாணம்

தனியாக ஊர் சுற்றினால் மனம் விரியும் என்பார்கள். எனக்கு வீங்கியது கால்தான்.

எழுபதுகளின் கடைசியில், அரியூரிலிருந்து சென்னைக்குப் போய், சிங்கப்பூருக்குக் கப்பலேறினேன். அங்கிருக்கும் அக்காவின் மகள் ஸ்டெல்லாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை சீனப் பையன். எங்களைப்போல் கத்தோலிக்கன்தான், ஆனாலும் தாய்மாமனான என் அண்ணன் மசியவில்லை.

"எவனோ சீனன் வூட்டுக்கு நான் இன்னாத்துக்கு வரணும்? நீ போ. நம்ம மானத்தக் காப்பாத்திட்டு வா."

ஒரு டின் அதிரசத்தோடு என்னை அனுப்பிவிட்டார். பிறந்த வீட்டு மானம் முழுக்க என் கையில்.

கப்பல் தாமதம். வாந்தியெடுத்துத் துவண்டு, கல்யாணத்தன்று மதியம்தான் இறங்கினேன். அக்கா புருஷன் காத்திருந்து பார்த்துவிட்டு மாதா கோயிலுக்குப் போய்விட்டாராம். அக்கா குடியிருந்த அடுக்குமாடி எண்பதாம் பிளாக், விருந்தும் அதன் கீழ்த்தளத்தில்தான். நானே டாக்சி பிடித்து, மலாய்க்கார ஓட்டுநரிடம் "எயிட்டி" என்றேன். அவர் காதில் "எயிட்டீன்" என்று விழுந்தது. (ஊரில் நான் இங்கிலீஷ் டீச்சர். வெளியே சொல்லாதீர்கள்.)

வழியில் ஒரே தெருவில் கோபுரமும் மசூதியும் சீனர் கோயிலும் அடுத்தடுத்து நின்றன. இத்தனை விதமான ஜனங்கள் இடித்துக்கொள்ளாமல் போகிறார்கள், எங்கள் வீட்டில் மூன்று பேருக்கு ஒத்துப்போகவில்லையே என்று யோசித்தேன். யோசிக்கவும் அலுப்பாக இருந்தது.

பதினெட்டாம் பிளாக்கின் அடியில் மேசைகள், பேண்டு வாத்தியம், வளையம் வளையமாகப் பூ. பெண்கள் வெள்ளை உடுப்பில் இருந்தார்கள். எங்களில் கல்யாணப் பெண் மட்டும் வெள்ளை உடுத்துவாள், சீனர்களில் எல்லோரும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மேசை மேசையாகப் போய் அதிரசம் கொடுத்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. சம்பந்தி வீட்டாருக்கு நம்மைப் பிடிக்கவில்லை என்று பயந்து நான் இன்னும் அகலமாகச் சிரித்தேன். கண் சிவந்திருந்த ஒருவரின் கையைக் குலுக்கி, "வெரி ஹேப்பி டே" என்று சொல்லி, பெண்ணைப் பார்க்கவேண்டும் என்றேன்.

அவர் மெதுவாகத் திரைக்கு உள்ளே கூட்டிப்போனார்.

உள்ளே சவப்பெட்டி. அதில் வயதான ஓர் அம்மாள்.

மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. கப்பல், வாந்தி, அண்ணன், துறைமுகத்தில் ஆளில்லாமல் நின்றது எல்லாம் சேர்ந்து வந்தது. பெற்ற மகள்கள்கூட அப்படி அழவில்லை. என்னை உட்காரவைத்துச் சூடாகத் தேநீர் கொடுத்தார்கள். நீ யார் என்று யாரும் கேட்கவில்லை. இறந்தவரின் மருமகள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். நானாக விஷயத்தைச் சொன்னதும் அவளே டாக்சியில் எண்பதாம் பிளாக்குக்குக் கொண்டுவந்து விட்டாள். ஆனால் இறங்கவில்லை. துக்கத்தில் இருப்பவள் கல்யாண வீட்டு வாசலை மிதிக்கக்கூடாதாம்.

"ஏன்டி மூஞ்சி இப்பிடி வீங்கிக் கெடக்குது? அதிரசம் எங்க?" என்றாள் அக்கா.

"சாவு வூட்ல குடுத்துட்டேன்கா."

அக்கா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். ஸ்டெல்லா மொழிபெயர்த்துச் சொன்னதும் மாப்பிள்ளை கழுத்து டையைத் தளர்த்திக்கொண்டு சிரித்தார்.

ஊர் திரும்பி அண்ணனிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "அந்தப் பொம்பள உன்ன வூடு வரைக்கும் கொண்டாந்து வுட்டாளா?" என்று மட்டும் கேட்டார். ஸ்டெல்லாவின் முதல் குழந்தைக்கு ஞானஸ்நானம் என்றபோது அவரே கப்பலேறினார்.

மாப்பிள்ளை இப்போது நன்றாகத் தமிழ் பேசுகிறார். எந்த விசேஷமானாலும் வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொள்வார்.

"வாங்க சின்னம்மா. இது கல்யாணந்தான். பெட்டி இல்ல, நான் உள்ள போய்ப் பார்த்துட்டேன்."

முதலில் சிரிப்பவர் அண்ணன்தான்.