கட்டைக்குக் காவல்

சாவதற்குள் ஒரே ஒரு தடவையாவது என் மனைவி ஹௌநானியை ஜெயித்துவிடுவது என்று ஒரு சனிக்கிழமை சாயங்காலம் சபதம் எடுத்தேன். காரணம், ஒரு கூரை.

"கபோனோ, நாளைக்கு என் தம்பி வீட்டுல கூரைத் தகரம் மாத்துறாங்க. நீதான் மேல ஏறணும்."

"என் முழங்காலைக் கேட்டியா?"

"கேட்டேன். மீன் பிடிக்கப் பாறை பாறையாத் தாவுறப்போ வலியே இல்லையாம்."

இவளிடம் வாயால் ஜெயிக்க முடியாது. எங்கள் கவாயித் தீவின் எரிமலை ஒரு காலத்தில் புகைந்துகொண்டுதான் இருந்தது. இவள் பிறந்து பேச ஆரம்பித்ததும் வாயை மூடிக்கொண்டது. ஆனால் அவளுக்கும் ஒரு பலவீனம் உண்டு. கடல்நாய். எங்கள் மொழியிலும் அது நாய்தான், முரட்டுத் தண்ணீரில் ஓடும் நாய். ஒன்று கரையேறிப் படுத்துவிட்டது என்று போன் வந்தால் போதும், அடுப்பை அணைத்துவிட்டு முளைக்குச்சி, கயிறு, பலகை சகிதம் ஓடுவாள். கொஞ்சம் தள்ளிச் சுற்றிலும் கயிறு கட்டி, 'தூங்குகிறது, நெருங்காதீர்' என்று பலகை நட்டு, அது தானாக எழுந்து கடலுக்குத் திரும்பும்வரை காவல். காவல்காரர் நடுவில் நகரக் கூடாது. சொந்த மாமியார் செத்தாலும் மாற்று ஆள் வந்த பிறகுதான் அழலாம்.

விடிந்ததும் அவளுடைய கயிற்றை எடுத்துக்கொண்டு, நான் மீன் பிடிக்கும் கரைக்குப் போனேன். அங்கே ஒரு கட்டை ஒதுங்கிக் கிடந்தது. கறுத்து, கொழுத்து, ஒரு முனை தலை மாதிரி புடைத்து. மேலே கொஞ்சம் கடற்பாசியைப் போர்த்தினேன். தாய்க் கடல்நாய் பார்த்தால் பால் கொடுத்திருக்கும். சுற்றிக் கயிறு கட்டிவிட்டு வீட்டுக்குப் போன் போட்டேன்.

"ஹௌநானி! இங்க ஒண்ணு கரையேறியிருக்கு!"

"அட! ஆணா, பொண்ணா?"

"பொண்ணுதான். கண்ணைத் திறக்காமலே என்னை முறைக்குது."

"வயிறு?"

"பெருசு."

"மூச்சு?"

"என்னைவிட நிதானமா விடுது."

"அப்ப நீ அசையாதே. தம்பிகிட்ட நான் சொல்லிக்கிறேன். கூரை கெடக்குது, கழுதை."

ஜெயித்துவிட்டேன்! கயிற்றுக்குள்ளேயே நாற்காலியை விரித்து ஒரு பியரை உடைத்தேன். வெயில் ஏற ஏறச் சுற்றுலாக்காரர்கள் வந்தார்கள். கயிற்றுக்கு வெளியே நின்று, மாதா கோயிலில் பேசுவதுபோல் குசுகுசுத்தார்கள்.

"அங்கிள், அசையவே இல்லையே?"

"ராத்திரி பூரா நீந்தி வந்திருக்கு. உன்னை நீந்தவிட்டா நீ அசைவியா?"

"முதுகுல ஏதோ முளைச்சிருக்கே?"

"வயசும்மா. எனக்குக் காதுல முளைச்சிருக்கு, பாரு."

அப்படியே கண் அயர்ந்துவிட்டேன். யாரோ என் காலடியில் மூக்கைச் சிந்தினார்கள். விழித்தேன். எனக்கும் கட்டைக்கும் நடுவில், நிஜமாகவே ஒருத்தி!

ஈர மணலில் லாரி ஏறி வந்தது மாதிரி தடம். முதுகில் படகு கிழித்த பழைய தழும்பு. கட்டையின்மேல் தாடையை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் நண்டுபோலப் பின்பக்கமாகவே தவழ்ந்து கயிற்றுக்கு வெளியே வந்தேன்.

மூச்சை இழுத்தாள். அடக்கினாள். வெகுநேரம் கழித்து, மறந்துபோனதை நினைத்துக்கொண்டவள்போல் விட்டாள். அவள் அடக்கிய ஒவ்வொரு தடவையும் எனக்கு மூச்சு முட்டியது. இந்த இனத்தில் உலகத்திலேயே மொத்தம் ஆயிரத்துச் சொச்சம்தான் மிச்சம் என்று ஹௌநானி சொல்வாள். அதில் ஒன்று, பயப்படாமல் கண்ணை மூட இந்தக் கயிறு போதும் என்று நம்பி வந்திருக்கிறது. அதைக் கட்டியவனைத் தெரிந்திருந்தால் வந்திருக்குமா?

அந்த நேரம் பார்த்து ஒரு தடித்த ஆள் கேமராவோடு கயிற்றைத் தாண்டினான்.

"அந்தப் பக்கம் போய்யா!"

"பக்கத்துல உக்காந்து ஒரே ஒரு படம், அங்கிள். காலையிலேருந்து கட்டை மாதிரிதானே கெடக்கு?"

"இது கட்டை இல்லய்யா!"

அன்று முழுவதும் நான் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

"கடல்ல சுறா தொரத்துது. கரைக்கு வந்தா நீ தொரத்துறியா? அவ எங்கதான் தூங்குவா?" என்று இரண்டு கையையும் விரித்து நின்றேன். என் அகலமும் கொஞ்சம் உதவியது. ஆள் பின்வாங்கினான்.

அதன் பிறகு நான் உட்காரவே இல்லை. பொழுது சாயும்போது அவள் எழுந்தாள், ஒரு கொட்டாவி விட்டாள், அலைக்குள் வழுக்கிப் போனாள். கரை வெறிச்சென்று ஆகிவிட்டது.

ஹௌநானி வந்தாள். சோற்றுக் கட்டிமேல் வறுத்த டின் இறைச்சி வைத்துக் கடற்பாசித் தாளால் சுற்றிய முசுபி கொண்டு வந்திருந்தாள். கட்டையை ஒரு பார்வை பார்த்தாள்.

"வயிறு பெருசுன்னு சொன்னது இதைத்தானா?"

"ஹௌநானி, சத்தியமா நிஜமாவே ஒண்ணு வந்துச்சு!"

"தடம் தெரியுதே. யாரும் எழுப்பலியே?"

"நான் நிக்கும்போதா? இனிமே ஞாயித்துக்கிழமை தவறாம இங்க நான்தான் காவல். உன் தம்பி கூரைக்கு மட்டும் வேற ஆளைப் பாத்துக்கோ."

"கூரையா?" முசுபியைப் பிட்டு என் கையில் வைத்தாள். "அது போன மாசமே மாத்தியாச்சு. இந்தக் கரைக்குத்தான் ஆள் கெடைக்காம இருந்துச்சு."