முக்காலுக்கு முழு உதவி

சமுதாயத்தின் மனசாட்சியைத் தட்டி எழுப்பும் பொருட்டு, குறைந்த செலவில், நிறைந்த எதார்த்தத்தோடு ஒரு திரைப்படம் எடுப்பது என்று எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. தீர்மானித்தவர் ஒரே ஒருவர். ஆகையால் ஏகமனதில் சிக்கல் எதுவும் எழவில்லை.

அவர் இயக்குநர். தாடிக்குள்ளிருந்து பேசுவார். எதைச் சொன்னாலும் நடுவில் ஒரு தடவை கண்ணை மூடித் திறப்பார். மூடினால் வலி, திறந்தால் எதார்த்தம். அன்றைக்கே அவருக்கு எதார்த்தம் என்று பெயர் வைத்துவிட்டேன்.

படம் என் அக்காவைப் பற்றியது. அக்காவுக்கு வலது முழங்காலுக்குக் கீழே கிடையாது. நாலு வயதில் ஒரு லாரி கொண்டுபோய்விட்டது. இப்போது பத்தொன்பது வயதில் இருநூறு மீட்டர் ஓடுகிறாள். அதற்கென்று வில் மாதிரி வளைந்த ஓட்டக்கால் ஒன்று வைத்திருக்கிறாள். அதில் விரிசல் விட்டு, கறுப்பு டேப் சுற்றி ஓடிக்கொண்டிருந்தாள். பதினெட்டாம் தேதி தேசிய அணிக்குத் தேர்வு ஓட்டம். விட்டால் இன்னும் இரண்டு வருஷம். விரிசல் அதுவரை தாங்குமா என்பதுதான் எங்கள் வீட்டில் ஒரே பேச்சு. அம்மா காலையில் எழுந்ததும் அடுப்பைப் பார்ப்பதற்கு முன்னால் அந்த டேப்பைத்தான் பார்ப்பாள்.

"படத்துக்காக ஒரு புது ஓட்டக்கால் வாங்குவோம்," என்றார் எதார்த்தம். மூடினார். திறந்தார். "பதினெட்டுக்கு முன்னாடியே வந்துடும். அது உங்க பொண்ணுக்குத்தாம்மா."

அதுவரை போனைப் பார்த்துக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்தாள். "நான் என்ன சார் செய்யணும்?"

"ஒண்ணும் செய்ய வேண்டாம். நீங்க நீங்களா இருந்தா போதும்."

அது போதாது என்று பிறகு கண்டுபிடித்தார்.

முதலில் வீடு தேறவில்லை. சுவரைத் தடவிப் பார்த்து வருத்தப்பட்டார்.

"சுவர்ல சோகமே இல்லையேம்மா."

"போன மாசம்தான் பெயின்ட் அடிச்சோம்," என்றாள் அம்மா.

"கொஞ்சம் கரி பூசிக்கலாமா?"

"உங்க வீட்டுச் சுவர்ல பூசிக்குங்க."

"அங்க பூசினா எதார்த்தமா இருக்காதும்மா. அது பெரிய வீடு."

கடைசியில் ஃப்ரிட்ஜுக்குப் பழைய போர்வை ஒன்றைப் போர்த்திவிட்டு, வறுமை திருப்திகரமாக இருப்பதாகக் குறித்துக்கொண்டார்.

அடுத்த நாள் கலைகளுக்கான உதவித்திட்ட அலுவலகம். மூன்றாவது மாடி. லிஃப்டில் 'பழுது' என்று எழுதிக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். அக்கா இரண்டிரண்டு படியாகத் தாவி மேலே போய் நின்றாள். எதார்த்தம் முதல் மாடியில் கைப்பிடியைக் கட்டிக்கொண்டு மூச்சு வாங்கினார். "இவ்வளவு வேகம் வேண்டாம். பார்க்கிறவங்க குழம்பிடுவாங்க."

கண்காணிப்பாளர் அக்காவின் மருத்துவச் சான்றிதழை மேலிருந்து கீழே ஒரு தடவை, கீழிருந்து மேலே ஒரு தடவை படித்தார்.

"ஊனத்தின் அளவு போதாது," என்றார். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார். பின்னாலேயே 'சொற்களில் கண்ணியம் காப்போம்' என்று பலகை தொங்கியது. "மன்னிக்கணும். மாற்றுத்திறனின் அளவு போதாது."

"என்ன சார் போதாது?" என்றாள் அம்மா.

"விதி ஒன்பது. முழுநீளப் படத்துக்கு உதவி வேணும்னா கதைத்தலைவருக்கு அரையாவது இருக்கணும். இதுல என்ன போட்டிருக்கு? கால்."

"சார், அது இந்தக் கால்," என்று அக்கா தட்டிக் காட்டினாள். டொக் டொக் என்றது.

"அதைத்தாம்மா நானும் சொல்றேன். கால். நூத்துக்கு இருபத்தஞ்சு. அதுவும் முழுசா இல்ல, வலதுன்னு போட்டிருக்கு. வலதுங்கறது பாதி உடம்பு. பாதியில கால்னா எவ்வளவு?"

எனக்குக் கணக்கு நன்றாக வரும். "அரைக்கால்," என்றேன்.

"பாருங்க, சின்னப் பொண்ணு டக்குனு சொல்லுது. ஒரு மணி நேரத்துல அரைக்கால். ஏழரை நிமிஷப் படம் எடுத்துக்குங்க. அதுக்கு வேற பிரிவு. அதுவும் மூணாவது மாடிதான், ஆனா வேற கட்டடம்."

அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அளவு சரிதான் சார். எனக்கு நிஜமாவே அரைக்கால்தான் இல்ல."

எதார்த்தம் சிரிக்கவில்லை. பேனாவை எடுத்துவிட்டார். "கதையில ரெண்டு காலும் இல்லன்னு வெச்சா?"

"இரு கால், அரை. தேறும். ஆனா பாதி உதவிதான்."

"முழு உதவிக்கு?"

"முக்கால் வேணும்."

மனிதப் பிறவிக்கு மூன்றாவது கால் இல்லை என்பது அதுவரை யாருக்கும் ஒரு குறையாகத் தோன்றியதில்லை.

அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. "என் தையல் மிஷினுக்குக்கூட ஒரு கால் உடைஞ்சு கிடக்கு. அதையும் சேர்த்துக்குங்க!"

எதார்த்தம் கண்ணை மூடினார். ரொம்ப நேரம் திறக்கவில்லை. திறந்தபோது கண் கலங்கியிருந்தது. "குறியீடும்மா! மகளுக்கு ரெண்டு கால், மிஷினுக்கு ஒரு கால். அடடா."

"மிஷின் யார் பேர்ல இருக்கு?" என்றார் கண்காணிப்பாளர்.

"என் பேர்லதான்."

"அப்ப குடும்பத்துக்குள்ளதான் வருது. முக்கால் சரி." முத்திரை விழுந்தது. மேசை ஆடியது. முழு உதவியும், 'ஓட்டக்கால், எண்ணிக்கை ஒன்று' என்ற தளவாடமும் அனுமதிக்கப்பட்டன. இரண்டு காலும் இல்லாத வீராங்கனைக்கு ஒரே ஒரு ஓட்டக்கால் எப்படிப் போதும் என்று கேட்டேன். "குறைந்த செலவுப் படம்," என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

அன்று மாலை எங்கள் கூடத்தில் நடிப்புப் பயிற்சி.

"நடந்து காட்டுங்க," என்றார் எதார்த்தம் அக்காவிடம்.

"காட்டிட்டேனே."

"எப்போ?"

"இப்பதான் சார். கதவுலேருந்து வந்தேன்ல."

"நீங்க நொண்டவே இல்லையே!"

"எதுக்கு நொண்டணும்? கால் நல்லா பொருந்தியிருக்கு."

"மக்களுக்குப் பாவமா இருக்கணும்ல?"

எனக்கு இதற்கு மேல் சும்மா இருக்க முடியவில்லை. எழுந்தேன். ஒரு காலை இழுத்தேன், சுவரில் சாய்ந்தேன், கண்ணை மூடினேன், திறந்தேன், "ஓடுவேன்... ஒரு நாள் ஓடுவேன்..." என்று தாடிக்குள்ளிருந்து வருகிற குரலில் முனகினேன். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அக்கா தரையில் உட்கார்ந்து சிரித்தாள்.

எதார்த்தம் அழுதுகொண்டிருந்தார். "இதுதான்! இதுதான் அவங்க!"

"சார், அவ உங்களைக் கிண்டல் பண்றா," என்றாள் அக்கா.

"கிண்டல்ல இருக்கிற உண்மை உங்க நடையில இல்லையே."

"இவளுக்கு ரெண்டு காலும் இருக்கேப்பா," என்றாள் அம்மா.

"இவங்க நடிக்கறாங்கம்மா. நடிக்கிறவங்களுக்கு எத்தனை கால் வேணா இருக்கலாம். பெரியவங்க நிஜம். நிஜத்துல ஒரு கால் அதிகமா இருந்தா கோப்புல இடிக்கும்."

இவ்வாறாக நான் என் அக்காவாக நியமிக்கப்பட்டேன். இடது காலைக் கேமராவுக்கு வெளியே வைத்துக்கொள்ளும்படி அறிவுறுத்தப்பட்டேன். ஓட்டக்காலுக்கான படிவத்தில் 'கதைத்தலைவரின் அளவு' என்று இருந்ததால், அளவெடுப்பவர் என் வலது காலை முழங்காலோடு மடக்கிக் கட்டி, அச்செடுக்க மாவு பூசினார். கூச்சம் தாங்காமல் விழுந்து விழுந்து சிரித்தேன். அக்காதான் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

பதினைந்தாம் தேதி கால் வந்தது. பளபளவென்று, ஒரு கீறல் இல்லாமல், தகரத் தகட்டில் எண் போட்டு. அக்கா அதன் வளைவை விரலால் அழுத்திப் பார்த்தாள். அது துள்ளியது. அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை.

"மேல காலைச் செருகுற கிண்ணம் உன் அளவு, அது கிடக்கட்டும். கீழ இருக்கிற வளைவை மட்டும் கழட்டி என் கிண்ணத்துல மாட்டிக்கலாம். நாலே நாலு போல்ட்டுடி," என்றாள்.

முறைப்படி கேட்போம் என்று மூன்று மாடி ஏறினோம்.

"தளவாடம் கதைத்தலைவர் உடம்புலதான் இருக்கணும்," என்றார் கண்காணிப்பாளர். "வேற ஆள் மாட்டினா முறைகேடு."

"வேற ஆள் யாரு சார்? கதையே நான்தானே?"

"கதை நீங்க. தலைவர் அவங்க."

வெளியே வந்ததும் அக்கா என் தோளில் கை போட்டாள். "அவர் கிடக்கார். ஸ்பேனர் என்கிட்ட இருக்கு. ஒன்பதரைக்கு ஓட்டம். மதியம் திருப்பிக் குடுத்துடறேன்."

"அன்னைக்கே பத்து மணிக்குப் படத் தொடக்க விழாக்கா. பத்திரிகைக்காரங்க வர்றாங்க. நான் காலோட நிக்கணும்ல?"

அக்கா என் தோளிலிருந்து கையை எடுத்தாள். அப்புறம் கடைக்குப் போய் ஒரு புது டேப் வாங்கினாள்.

பதினெட்டாம் தேதி மேடையில் எனக்குப் பொன்னாடை. "ஒரு விளையாட்டு வீராங்கனையின் கனவு இன்று நனவாகிறது!" என்று கண்காணிப்பாளர் முழங்கினார். எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். அம்மாவும் முன்வரிசையில் இருந்தாள். பாதிக்கப்பட்ட தாய் என்று அவளுக்குத் தனி நாற்காலி.

மைதானத்தில் நூற்றைம்பதாவது மீட்டர் வரை அக்காதான் முதல். டேப் கடைசிவரை தாங்கியது. கால்தான் தாங்கவில்லை. முடிவுத்தாளில் அவள் பெயருக்கு நேரே 'முடிக்கவில்லை' என்று எழுதினார்கள். விழுந்ததில் இடது முழங்காலும் பிசகிவிட்டது.

விஷயம் கேள்விப்பட்டு எதார்த்தம் ஓடி வந்தார். அக்கா கட்டிலிலிருந்து எழுந்து, சுவரைப் பிடித்து, காலை இழுத்து இழுத்துத் தண்ணீர் குடிக்கப் போனாள். அவர் கண்ணை மூடவே இல்லை.

"இப்பதான் எதார்த்தமா இருக்கு," என்றார் ஏக்கத்தோடு. "கொஞ்சம் முன்னாடியே இப்படி நடந்திருந்தா உங்களையே போட்டிருப்பேன்."

நான் பக்கத்தில் நின்று, அக்கா எந்தக் காலை முதலில் வைக்கிறாள் என்று கவனமாகக் குறித்துக்கொண்டேன். வேலைக்கு உதவும்.

படம் வெளியான அன்று அரங்கம் நிறைந்து வழிந்தது. கண்காணிப்பாளர் இரண்டு கைக்குட்டை நனைத்தார். தையல் மிஷின் சாய்கிற காட்சியில் ஒரு அம்மாள் மயக்கமே போட்டார். மாற்றுத்திறனாளிகளைச் சமுதாயம் இனிமேல்தான் புரிந்துகொள்ளப் போகிறது என்று எல்லோரும் மூக்கைச் சிந்திக்கொண்டே எழுந்தார்கள். வெளியே போகிற வழி குறுகல். முன்னால் அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்துப் போனாள். பின்னால் மொத்த அரங்கமும் கண்ணீரோடு நின்றது. உச்சுக் கொட்டினார்கள். கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள்.

"கொஞ்சம் சீக்கிரம் நடயேன், எத்தனை பேர் நிக்கறாங்க பாரு!" என்று ஒரு குரல் கேட்டது.

சொன்னது நான்தான். வாசலில் என்னைப் போட்டோ எடுக்கக் காத்திருந்தார்கள்.